தமிழில் தட்டச்சு: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் 22 வருடமாக டிடிபி வேலை, அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, கும்பாபிஷேக மலர், வக்கீல் நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு என்று எல்லாம் வந்து போகும். வேலை கொடுக்க வருகிறவர்கள் கிளம்பும் நேரத்தில், "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். பாதிக்கு மேல் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதைவிட உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

யூனிகோடு, யூனிகோடு என்கிறீர்களே, அது ஒரு ஃபாண்டா?

இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுக்கும் ஏற்பாடு அது. 'க' என்று நீங்கள் அடித்தால் அதற்குரிய எண்தான் கோப்பில் பதியும். சென்னையில் திறந்தாலும் டொரோண்டோவில் திறந்தாலும் அது 'க' தான். ஃபாண்ட், அதாவது எழுத்துரு, என்பது அந்த எழுத்துக்கு மாட்டிவிடும் சட்டை. எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் எழுத்து மாறாது.

முன்பு நாங்கள் செய்தது வேறு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஃபாண்டுகளில் அடித்தோம். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். அதிலும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் வரைந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. இணையத்தில் இருந்த ஆர்வலர்கள் டிஸ்கி என்று ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார், இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பாமினி என்று ஃபாண்டுகள். ஒன்றில் அடித்தது மற்றொன்றில் திறக்காது. இத்தனைக்கும் 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸில் அதற்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000இல்தான், 'லதா' என்ற எழுத்துருவோடு. பழைய ஃபாண்டுகள் வேரூன்ற அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

தமிழுக்கு 247 எழுத்து. யூனிகோடில் 72தான் இருக்கிறதாமே?

உண்மைதான். உயிர், மெய்யெழுத்து வடிவங்கள், துணைக்கால் கொம்பு போன்ற குறிகள், எண்கள் எல்லாம் சேர்த்து தமிழுக்கான பகுதியில் 72 குறியீடுகள். 'கோ' என்பது உள்ளே 'க'வும் ஓகாரக் குறியும். 247ஐயும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் நிறையப் பேர். அப்படி வகுத்த டேஸ்-16 என்ற முறையையும் யூனிகோடுடன் சேர்த்து 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கைபேசி, உலாவி, தேடுபொறி என்று எல்லாமே யூனிகோடில் இயங்கும்போது, அதில் நன்றாக எழுதுவதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன்.

புதிதாகப் பழகுகிறேன். எந்தக் கீபோர்டு முறையைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்99. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. விரல் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. நாம் அதிகம் எழுதும் எழுத்துகள் விரலடியிலேயே இருக்கின்றன. ஒரு உயிர்மெய் வேண்டுமானால் மெய்யை அடித்து உயிரை அடித்தால் போதும். க, பிறகு இ. 'கி' வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் க் + இ = கி என்று படித்தோமே, அதே கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது அது தானாகப் புள்ளி வைக்கும் விதம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும். தமிழில் ஙவுக்குப் பின் க, ஞவுக்குப் பின் ச, ணவுக்குப் பின் ட, நவுக்குப் பின் த, மவுக்குப் பின் ப, னவுக்குப் பின் ற என்று இனவெழுத்துகள் சேர்ந்தே வருமல்லவா? அங்கும் தானாகவே புள்ளி விழும். 'பந்து' எழுத ப, ந, த, உ. நான்கே தட்டு. 'வணக்கம்' ஆறு தட்டு. அதையே ஆங்கில ஒலிப்பில் அடித்தால் எட்டு எழுத்து, நடுவில் 'ண'வுக்காக ஷிஃப்ட் வேறு.

புள்ளி விழக் கூடாத இடங்களும் உண்டு. 'பப்பாளி' என்று அடிக்கும்போது முதல் பவுக்குப் புள்ளி வைத்துவிடும். அப்போது முதல் பவுக்குப் பின் 'அ' விசையை ஒரு முறை தட்டிவிட்டுத் தொடருங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

விண்டோஸ் 10, 11, மேக், ஐஃபோன், லினக்ஸ் எல்லாவற்றிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, அல்லது அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் கிடைக்கும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

எத்தனை நாளில் கை வரும்?

தினம் அரை மணி நேரம் கொடுத்தால் பத்து நாளில் கீபோர்டைப் பார்க்காமல் மெதுவாக அடிப்பீர்கள். ஒரு மாதத்தில் பேனாவைவிட வேகம். எங்கள் கடைக்கு வேலை கற்க வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை வைத்துச் சொல்கிறேன். அவர்களுக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை, விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண் மேலே இருந்தால்தான் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். இந்த வயதில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அக்கா. தட்டச்சு இயந்திர வரிசையிலேயே யூனிகோடில் அடிக்க முடியும். என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் அந்த வரிசை இருக்கிறது. பல வருடம் பழகிய விரலைக் குழப்புவதில் லாபம் இல்லை. மாற்ற வேண்டியது சேமிக்கும் குறியீட்டைத்தான்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். மெஷினில் 'கெ' அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க. யூனிகோடு சேமிப்பது உச்சரிப்பு வரிசையில்: முதலில் க, பிறகு கொம்பு. நல்ல மென்பொருள் இதைத் தானாகவே திருப்பிப் போட்டுவிடும். சில இடங்களில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது இந்த வரிசை பிசகியதன் அடையாளம். மெய் இல்லாமல் குறி தனியாக நிற்கிறது என்று கணினி சொல்கிறது. அழித்துவிட்டு அந்த எழுத்தை மறுபடி அடியுங்கள்.

இங்கிலீஷில் அடித்தால் தமிழ் வந்துவிடுகிறது. அது போதாதா?

வாட்ஸ்அப்பில் பேச அது போதும். நானும் சில நேரம் அப்படி அடிக்கிறேன். ஆனால் நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் இதுதான். ஆங்கிலத்தில் ஒரு 'எல்'. நமக்கு ல, ள, ழ. அங்கே ஒரு 'என்'. நமக்கு ந, ன, ண. நீங்கள் 'பள்ளி' என்று நினைத்து அடிக்கிறீர்கள், கருவி பள்ளியா பல்லியா என்று ஊகிக்கிறது. கீழே இரண்டையும் காட்டும், பார்த்துத் தொட வேண்டும். அவசரத்தில் தொடமாட்டோம். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த விடுப்புக் கடிதத்தில் "பல்லிக்கு வர இயலவில்லை" என்றே இருந்தது. நல்லவேளையாக அச்சுக்கு முன் கண்ணில் பட்டது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் கூட்டிப் பார்த்தே பழகுகிற பிள்ளைக்கு 'மணம்', 'மனம்' இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகிறது. எது றகரம், எது ரகரம் என்று யோசிக்கும் இடமே அவர்களுக்கு வருவதில்லை. தமிழ்99இல் ஒவ்வொரு முறையும் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். எழுத்துப்பிழை குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேசினால் அதுவே எழுதுகிறதே?

இந்த வசதியைக் கூகுள் 2017இல் தமிழுக்குக் கொண்டுவந்தபோது இருந்ததைவிட இப்போது வெகுவாகத் தேறியிருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், வண்டியில் போகிறவர்களுக்கும், எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது பெரிய வரம். முதல் வரைவு பேசி எழுதுவதில் தவறே இல்லை.

ஊர்ப்பெயர், ஆள்பெயர், நிறுத்தற்குறி மூன்றையும் நம்ப வேண்டாம். சந்தி எழுத்தும் பாதி விழுந்திருக்கும். பேசி முடித்ததும் ஒரு முறை சத்தமாகப் படித்துத் திருத்துங்கள். ஒரு கதையாசிரியர் தன் நாவல் முழுவதையும் பேசியே பதிந்து கொண்டுவந்தார். திருத்த எடுத்த நேரத்தில் பாதி நாவலை மறுபடி அடித்திருக்கலாம் என்று அவரே சொன்னார். உரையாடல் பகுதிகள் மட்டும் உயிரோட்டமாக வந்திருந்தன. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

பழைய சிடியில் இருக்கும் கோப்பைத் திறந்தால் கிறுக்கலாக இருக்கிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஒரு ஐயா, பழைய சிடி ஒன்றை மேற்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். "தம்பி, இதை ஒருக்கா திறந்து பாரும். எங்கட அப்பான்ர நினைவு மலர்" என்றார். 2001இல் அவருடைய அண்ணன் தட்டச்சு செய்தது. அச்சிட்ட பிரதி ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. தயாரித்த அச்சகமும் இப்போது இல்லை. இதற்கு முன் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். வைரஸ் தின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்து, உடனே ஓர் அரைப்புள்ளி. பாமினி பழகியவர்களுக்கு அது மனப்பாடம். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் குறி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி. 'தமிழ்'. கோப்புக்கு எந்த நோயும் இல்லை. சட்டை மட்டும் தொலைந்திருந்தது.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை பாமினி, டாம், டாப், டிஸ்கி எல்லாவற்றையும் மாற்றும். ஒட்டினேன், அழுத்தினேன், தமிழ் வந்தது. ஐயா திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஐந்தாவது வரியில் நிறுத்தி, "இது துணைக்கால் இல்லை, 'ர'" என்றார். அதுவரை எனக்குத் தெரியவில்லை. பல பழைய ஃபாண்டுகளில் ரகரமும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அடித்தவர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டிருந்தாலும் அச்சில் தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடும். மூன்று சாயங்காலம் அவரும் நானும் உட்கார்ந்து திருத்தினோம்.

ஆகவே உங்களிடம் இப்படி ஒரு கோப்பு இருந்தால்: முதலில் அதை நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சிடி காலாகாலத்துக்கும் உழைக்காது, அதைப் படிக்கும் டிரைவும் இப்போது மடிக்கணினிகளில் வருவதில்லை. எந்த ஃபாண்டில் அடித்தது என்று நினைவிருந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு என்றால் இன்னும் அவசரம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்குப் பிறகு புதிது வரவே இல்லை. அதைத் திறக்கிற பழைய கணினி எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் ஏன் எழுத்து சிதறுகிறது?

பிடிஎஃப் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத்தான் முதன்மையாகப் பத்திரப்படுத்துகிறது. கொம்பு முதலில், க பிறகு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கியிருக்கும். காப்பி செய்தால் அந்த வரிசையே வரும். மூலம் பழைய ஃபாண்டில் அடித்தது என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் எங்கள் கடையில் வேலை முடிந்ததும் பிடிஎஃப்புடன் மூலக் கோப்பையும் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் எங்கே வேலை கொடுத்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் எழுத்து, உங்களிடம் இருக்க வேண்டும்.

'கௌ'வுக்கும் 'கெள'வுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒன்றுதானே?

கண்ணுக்கு அநேகமாக ஒன்று. கணினிக்கு முற்றிலும் வேறு. சரியான 'கௌ' என்பது கவும் ஔகாரக் குறியும். தவறான 'கெள' என்பது கெ, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு ள. படித்தால் 'கெள' என்றுதான் வரும்.

ஒரு பழைய மாணவர் சங்கத்தின் முகவரிப் பட்டியலைச் சரிபார்த்தபோது நேரில் பட்ட அனுபவம். 600 பெயர். 'கௌதம்' என்று தேடினால் ஒருவர் வந்தார். அச்சிட்ட பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரும் 'கெளதம்'. அவர்களுக்கு அழைப்பிதழ் போகாமல் இருந்ததற்கு வேறு காரணமே இல்லை. ஔவையார், சௌந்தர்யா, மௌனம், பௌர்ணமி என்று எல்லாச் சொல்லிலும் இது நடக்கிறது. தமிழ்99இல் கவுக்குப் பின் ஔ விசையைத் தட்டினால் தவறவே தவறாது.

'ஸ்ரீ'க்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு விதமாகச் சேமிக்கலாம், திரையில் ஒரே மாதிரி தெரியும். தேடி அகப்படாவிட்டால் வேறொரு கீபோர்டில் அடித்துத் தேடிப் பாருங்கள்.

எக்செல்லில் அகரவரிசைப்படுத்தினால் தப்பாக வருகிறதே?

மென்பொருள் வெறும் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் அப்படித்தான் ஆகும். அதில் ஃ, அவுக்கு முன்னாலேயே இருக்கிறது. நவுக்கு அடுத்து ன, ரவுக்கு அடுத்து ற, வவுக்கு முன்னாலேயே ள, ழ. ஜகரமும் சவுக்கும் ஞவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். நம் நெடுங்கணக்கு வேறு. வரிசைப்படுத்தும்போது மொழியைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் அங்கே தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். எக்செல் போலவே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தும் பெட்டியிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. அகராதி, பெயரடைவு போன்ற வேலைகளுக்கு நான் அதையே பயன்படுத்துகிறேன்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஏன் கூடுதல் காசு?

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும், தமிழ் 70 மட்டுமே. அந்த 70இலும் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, அங்கே ஐந்து. மொத்தமாகச் செய்தி அனுப்பும் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் இதற்காகவே தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புகின்றன. சொற்களைச் சுருக்கித் தமிழிலேயே அனுப்புங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெற்றோர் படிக்கத்தானே அனுப்புகிறோம்.

எந்த எழுத்துரு நல்லது?

புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ். திரையில் படிக்க முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை. போஸ்டருக்கு பாலூ தம்பி, அழைப்பிதழுக்கு கவிவனர். இவை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம். அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.

எழுத்துருவைவிட வரி இடைவெளி முக்கியம் என்பேன். தமிழ் எழுத்துகள் மேலேயும் கீழேயும் நிறைய நீளும். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியையே விட்டால் 'ஞூ'வின் வாலும் அடுத்த வரியின் 'றீ'யும் முட்டிக்கொள்ளும். ஒன்றரை வரி கொடுங்கள். குறுகிய பத்தியில் இரு பக்கமும் சீராக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, நடுவில் ஆறு மாதிரி வெள்ளை ஓடும்.

பழைய புத்தகத்தைப் படம் எடுத்து எழுத்தாக மாற்ற முடியுமா?

முடியும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் கீழே எழுத்தாக வரும். கணினியிலேயே செய்ய டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், பக்கம் வளையாமல் எடுத்த படம் என்றால் பெரும்பகுதி சரியாகவே வரும். பிழை வரும் இடங்கள்: மங்கிய மெய்ப்புள்ளி, ரகரம் துணைக்கால் குழப்பம், அப்புறம் பழைய எழுத்து வடிவங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் 'லை', 'ணை', 'றா' எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். அந்த இடங்களைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் முதலில் தேடிப் பாருங்கள். உங்கள் புத்தகம் அங்கே ஏற்கெனவே இருக்கலாம்.

பிழைதிருத்தி இருக்கிறதா?

'வாணி' எழுத்துப்பிழைக்கு, 'நாவி' சந்திக்கு. இரண்டும் இணையத்தில் இலவசம். கடைசி ப்ரூஃப் மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

ஏஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அதனிடம் சொன்னால் எழுதித் தராதா?

தரும். கடிதத்தைச் செம்மைப்படுத்தவும், ஒரு பத்தியைச் சுருக்கவும் நானே பயன்படுத்துகிறேன். அரசு அறிவிப்பு ஒன்றை எளிய தமிழில் சொல் என்று கேட்டால் நன்றாகவே சொல்கிறது. ஆனால் குறளையோ சங்கப் பாடலையோ மேற்கோள் கேட்காதீர்கள். சில நேரம் இல்லாத வரியை இருக்கிற மாதிரி தரும், எண்ணும் போட்டுத் தரும். ஒரு திருமண மலருக்காக வந்த கட்டுரையில் அப்படி ஒரு 'குறள்' இருந்தது. ஏழு சீர்கூட இல்லை. மூலத்தைப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கருவிகள் தமிழ் கற்பது பெரும்பாலும் நாம் யூனிகோடில் எழுதி வெளியே வைத்திருக்கும் எழுத்திலிருந்துதான். படமாகப் போட்ட கவிதையும் பழைய ஃபாண்டில் கிடக்கும் ஆய்வேடும் அவற்றுக்கு எளிதில் எட்டாது. கண் தெரியாத வாசகருக்கும் அதே நிலைதான். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் தமிழை வாசித்துக் காட்டும், எழுத்து எழுத்தாக இருந்தால் மட்டும். பாமினியில் அடித்த பக்கத்தைக் கொடுத்தால் "ஜே கே பி ஓ" என்றுதான் அவர் காதில் விழும்.

அம்மாவுக்கு 71 வயது. கீபோர்டே பார்த்ததில்லை. அவர்களால் முடியுமா?

முடியும். கைபேசியில் கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டு இருந்தால் மொழியில் தமிழைச் சேர்த்து, அதில் 'கையெழுத்து' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். காலிப் பலகை ஒன்று வரும். விரலால் எழுதினால் எழுத்தாக மாறும். சாய்வாக எழுதினாலும் படித்துக்கொள்கிறது. கைபேசியின் மொழியையும் தமிழாக்கிக் கொடுங்கள். 'அமைப்புகள்', 'பகிர்' போன்ற சொற்கள் நமக்குத்தான் அந்நியமாகத் தெரிகின்றன, அவர்களுக்கு இல்லை.

என் அத்தைக்கு இப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். அதுவரை குரல் பதிவு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் கடையில் வேலையாக இருந்தபோது அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "வரும்போது பால் வாங்கி வா. அரை லிட்டர் போதும்." புள்ளி உட்பட எல்லாம் சரியாக இருந்தது.